மறுபடி ஒருமுறை பாருங்களேன்

ஆறு வருஷமாக என்னோடு சண்டை போட்டதாக ஒரு பெண் கடிதம் எழுதியிருந்தாள். அவளை நான் பார்த்ததே இல்லை.

கடிதம் என்றால் நிஜமாகவே கடிதம். கோடு போட்ட தாள், நீல மை, பசை ஒட்டிய உறை. 2043-இல் தபாலில் ஒன்று வந்தால் எங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் அதை யாரிடம் கொடுப்பது என்றே தெரியவில்லை. மூன்று நாள் மேஜை மேஜையாகச் சுற்றிவிட்டு ஒரு திங்கட்கிழமை மத்தியானம் என்னிடம் வந்து சேர்ந்தது.

‘பூங்கோதை மேடத்துக்கு, சங்குமணல் மிக்கேலம்மாள் எழுதுவது. உங்களோட இனிப் பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆறு வருசமா சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. ஒண்ணாந்தேதியிலருந்து தண்ணி லாரிய நிப்பாட்டப் போறதா சொல்லுதாவ. எங்க கிணத்துத் தண்ணி நல்லாருக்குன்னு நீங்க கையெழுத்துப் போடப் போறியளாம். போடாதிய. கிணறு உப்பாயிட்டுன்னு நான் உங்ககிட்ட சொன்னேனா இல்லியா? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க.’

மனசாட்சியைத் தொடும் அளவுக்கு அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. இருபத்தொன்பது வருஷம் ஒரே துறையில் குப்பை கொட்டியாயிற்று. தொழில்நுட்பம் வழியாக மக்கள் எப்படிக் கற்கிறார்கள், சாதாரண மக்களே எப்படி அறிவியல் தரவு சேகரிக்கலாம், இதுதான் என் ஆராய்ச்சி. கேட்க அழகாக இருக்கும். செய்து பார்த்தால், பாதி வாழ்க்கை நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதிலும் மீதிப் பாதி கிடைத்த நிதிக்கு அறிக்கை எழுதுவதிலும் போய்விடும். நடுவில் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டதால் கொஞ்சம் ஆராய்ச்சியும் செய்ய முடிந்தது.

பதினாலு வருஷத்துக்கு முன்பு தொடங்கிய அந்தக் கொஞ்சத்துக்குப் பெயர்தான் ‘ஊர்க்கண்’. கடலோரத்துப் பதினோரு ஊர்கள், நானூறு தன்னார்வலர்கள், அதிலும் முக்கால்வாசி பெண்கள். வாரம் ஒருமுறை கிணற்றுத் தண்ணீரில் ஒரு காகிதப் பட்டையை நனைப்பார்கள். பட்டையின் நிறத்தை அட்டையில் உள்ள ஏழு கட்டங்களோடு ஒப்பிட்டு, எந்தக் கட்டம் என்று செல்போனில் சொல்வார்கள். ஒன்று என்றால் தித்திக்கும் தண்ணீர். நான்குக்கு மேல் போனால் குடிக்க லாயக்கில்லை. கருவி வைத்து அளக்கக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். வைத்தோம். ஆறே மாதத்தில் உப்புக்காற்றில் துருப்பிடித்தது. துருப்பிடிக்காத நாலைந்தைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள்.

எங்கள் புதுமை பட்டையில் இல்லை, பாடம் சொல்லிக்கொடுத்த விதத்தில் இருந்தது. ஒவ்வொரு பெண்ணின் காதருகிலும் ஒரு ஆசிரியர் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பேசும் ஆசிரியரைச் செயலிக்குள் வைத்தோம். முதலில் ஒரு செயற்கைக் குரலைப் போட்டோம். யாரும் மதிக்கவில்லை. பிறகு, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போகிற என் குரலையே இரண்டு நாள் பதிவு செய்து இயந்திரத்துக்குக் கொடுத்தோம். அதன்பின் அது என் குரலில் எதை வேண்டுமானாலும் பேசியது. யார் அளவு சொன்னாலும், அது எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தால், “மறுபடி ஒருமுறை பாருங்களேன்” என்று கெஞ்சலாகச் சொல்லும். தவறுகள் பாதிக்கும் கீழே இறங்கின. வெளிநாட்டு மாநாடுகளில் கைதட்டினார்கள்.

அந்த வெற்றியின் கடைசிக் காகிதம் என் மேஜையில் கிடந்தது. பதினோரு ஊர்களிலும் கிணற்றுநீர் குடிக்கத் தகுந்தது என்ற சான்று. வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்திட்டால் ஒன்றாம் தேதி முதல் சங்குமணலுக்குப் போகும் தண்ணீர் லாரியை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள்.

“பரிதி, ஒரு நிமிஷம் வா” என்று பக்கத்து அறையைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

இளம்பரிதி என்னிடம் முனைவர் பட்டம் வாங்கியவன். இப்போது இணைப் பேராசிரியர், ஊர்க்கண்ணின் உள்குடல் முழுக்க அவனுக்கு அத்துப்படி. கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“தன்னார்வலர் எண் SM-17 மேடம். மிக்கேலம்மாள். ரெண்டு வருஷம் முன்னாடி நின்னுட்டாங்க.”

“என்கூடப் பேசினதா எழுதியிருக்காங்களே?”

“உங்க குரலோட பேசியிருப்பாங்க. எல்லாம் பதிவு இருக்கு. போடவா?”

போட்டான். நானும் பன்னிரண்டு மாநாடுகளில் அந்தக் குரலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நாலு வாக்கியத்துக்கு மேல் உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான்.

“அஞ்சாங்கட்டம் மேடம்.”

“வணக்கம் மிக்கேலம்மாள். பட்டையை வெளிச்சத்துல வச்சுப் பாத்தீங்களா? மறுபடி ஒருமுறை பாருங்களேன்.”

“வெயில்லதான் நிக்கேன். அஞ்சுதான்.”

“பக்கத்துக் கிணறுகள்ல எல்லாரும் மூணு சொல்லியிருக்காங்க. அவசரமில்ல. மறுபடி ஒருமுறை பாருங்களேன்.”

“அவளுவ சொன்னா எனக்கென்ன? பருப்பு வேகமாட்டேங்கு மேடம். மூணு விசில் வச்சாலும் கல்லு மாதிரி கெடக்கு.”

“நல்ல கவனிப்பு! ஆனா பருப்பு வேகாததுக்குப் பழைய பருப்பும் காரணமா இருக்கலாம், இல்லையா?”

என் குரல்தான். நான் மாணவர்களிடம் சொல்கிற அதே ‘இல்லையா’. எனக்கே அந்தக் குரலுக்குரிய பொம்பளையை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

பரிதி வருஷங்களைத் தள்ளித் தள்ளிப் போட்டான். கெஞ்சல் கோபமானது, கோபம் கேலியானது. ‘மேடத்துக்குக் கண்ணாடி மாத்தணும் போலிருக்கு’ என்று ஒருநாள். ‘நீங்க ஒரு குடம் குடிச்சிட்டுப் பேசுங்க’ என்று ஒருநாள். அப்புறம் ஒரு மார்ச் மாதத்துப் பதிவு.

“மேடம், எம்மவளுக்கு ஏழு மாசம். பிரஷர் ஏறி, பிள்ளை தங்கல. தண்ணியாலதான்னு நான் சொல்லல. டாக்டரும் சொல்லல. ஆனா மாப்பிள்ளை வீட்டுல இருந்தவரைக்கும் அவளுக்கு ஒண்ணுமில்ல. இங்க வந்து ரெண்டு மாசந்தான். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு.”

“ரொம்ப வருத்தமா இருக்கு மிக்கேலம்மாள். மனசைத் தேத்திக்கங்க. இன்னைக்குப் பட்டையைப் பார்ப்போமா?”

“நிறுத்து” என்றேன்.

பரிதி நிறுத்தினான்.

“இவங்க சொன்ன அஞ்சு எல்லாம் எங்க போச்சு?”

“எதிர்பார்த்ததுக்கு மாறாவே சொல்லிட்டிருந்தா, அவங்க சொல்றதுக்கு மதிப்பு கொறைஞ்சிட்டே வரும் மேடம். ரெண்டாவது வருஷமே இவங்க மதிப்பு ஜீரோ. அதுக்கப்புறம் நாலு வருஷம் அனுப்பினது எதுவும் கணக்குல சேரல.”

“அதை அவங்ககிட்டச் சொல்லலையா?”

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். “சொன்னா தன்னார்வலர் மனசு புண்படும், சொல்ல வேண்டாம்னு நீங்கதான் மேடம் முடிவு பண்ணீங்க.”

ஆமாம். ஞாபகம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் மெதுவடை நன்றாக இருந்ததுகூட ஞாபகம் இருந்தது.

“ஒரு ஊர்க் கிணறு மொத்தமும் உப்பாகும்போது நம்ம கணக்கு எப்படிப் பரிதி மூணுலயே நிக்கும்?”

“போன மாச அளவையும் பக்கத்துக் கிணறுகளையும் வச்சுத்தான் அது ‘இன்னைக்கு மூணு வரணும்’னு எதிர்பார்க்குது. யாராவது நாலுன்னா மறுபடி பாக்கச் சொல்லும். பத்துல எட்டுப் பேர் மாத்திப்பாங்க. அந்த எட்டுப் பேரோட ‘மூணு’ம் சேர்ந்து அடுத்த மாசம் எதிர்பார்ப்பு இன்னும் கெட்டியாயிடும். திடீர்னு ஏறியிருந்தா பிடிச்சிருக்கும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏறினா…” என்று நிறுத்தினான். “ஆரம்பத்துல அது நல்லதுதான் மேடம் பண்ணுச்சு. நிஜமாவே நிறையப் பேர் தப்பாத்தான் பாத்தாங்க.”

“இவங்க ஒருத்தங்கதானே அஞ்சுங்கறாங்க. இவங்க பார்வையில கோளாறு இருந்தா?”

“இருக்கலாம். என் தீசிஸ் பூரா அந்த நம்பிக்கையிலதான் நிக்குது.”

மறுநாள் காலை இரண்டு பேரும் சங்குமணலுக்குக் கிளம்பினோம்.

ஊருக்குள் நுழைந்ததுமே அல்போன்சா வந்துவிட்டாள். தன்னார்வலர்களின் தலைவி, தொண்ணூற்றொன்பது சதவீதத் துல்லியம், என் கையால் மூன்று முறை கேடயம் வாங்கியவள். “வாங்க மேடம், மெலிஞ்சிட்டிய” என்று உட்காரவைத்து, ஏலக்காய் தட்டிப்போட்ட பால் டீ கொடுத்தாள். பதினாலு வருஷமாக அவள் வீட்டு டீ எனக்குப் பிடிக்கும். அன்றைக்குத்தான், கதவுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடிவைத்திருந்த தண்ணீர் கேனைப் பார்த்தேன். கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். “மேடம் இன்னொரு டம்ளர் குடிக்கிறியளா?” என்று சிரித்தாள். கேட்க முடியவில்லை.

மிக்கேலம்மாள் வீடு ஊர்க்கடைசியில், வலை காயப்போடும் மேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஐம்பது வயசிருக்கும். வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் “வணக்கம்மா” என்றதும் கத்தி நின்றது. முகத்தைப் பார்க்காமலே என்னை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“வந்துட்டியளா” என்றாள். “ரெண்டு வருசமாச்சே பேசி.”

“அம்மா, அது நான் இல்ல. அது ஒரு மிஷின்…”

“தெரியும். மிஷினுன்னு மொதல்நாளே சொன்னாவ. குரல் உங்களதுல்லா? நான் பின்ன யாரத் திட்ட?” அடுத்த மீனை எடுத்தாள். “பேசுறது எல்லாம் ரெக்கார்டு ஆகும்னு கையெழுத்து வாங்குனிய. ரெக்கார்டு எதுக்கு மேடம் பண்ணுவாவ? கேக்கத்தான? என்னைக்காச்சும் ஒருநாள் நீங்க கேப்பிய, கேட்டுட்டுத் திரும்பப் பேசுவியன்னு நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

இருபத்தொன்பது வருஷத்தில் என் துறையில் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்கத்தான் பதிவு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“உங்க மக…” என்று ஆரம்பித்தேன்.

“அத விடுங்க. அத உங்க வாயால ஏற்கெனவே கேட்டாச்சு.”

பரிதி மெதுவாகப் பையிலிருந்து பட்டையையும் அட்டையையும் எடுத்தான். கிணற்றில் அவனே இறைத்து நனைத்தான். வெயிலில் காட்டினான். தேன் நிறம் மூன்று, செங்கல் நிறம் ஐந்து. நான் பார்த்தேன். மூன்று. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மூன்றுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

“மூணு” என்றான் பரிதியும்.

“அஞ்சு” என்றாள் மிக்கேலம்மாள், இருந்த இடத்திலிருந்தே.

“எல்லாருமே மூணுன்னுதானேம்மா சொல்றாங்க? அல்போன்சாகூட…”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “மேடம், எங்க தண்ணியில பால ஊத்தினா திரிஞ்சிரும். நாங்க எல்லாரும் கட்டங்காப்பிதான் குடிக்கோம். பதினாலு வருசமா இந்த ஊர்ல பால் டீ குடிச்சியளே, ஒரு நாளாச்சும் திரிஞ்சிருந்துச்சா?”

பரிதி என்னைப் பார்த்தான்.

“விருந்தாளிக்குன்னு கேன் தண்ணி வாங்கி வச்சிருக்கோம். வீட்டுக்கு வீடு மூடி வச்சிருக்கும். வந்தவங்களுக்கு உப்புத்தண்ணியவா குடுக்க முடியும்? அல்போன்சா கெட்டவ இல்ல. உங்க மேல அவளுக்கு உசுரு. நீங்க ரெண்டு தடவ ‘பாருங்களேன்’னா மூணாவது தடவ உங்க பேச்ச மீறுறது மரியாதை இல்லன்னு மூணுன்னு அமுக்கிருவா. லாரித் தண்ணி வீட்டுக்கு ஆறு குடம் கிடைக்கு. அத வச்சு ஓட்டிக்கிட்டு, மேடம் மனசு நோகாமப் பாத்துக்கிட்டாளுவ. நாந்தான் மரியாதை தெரியாதவ.”

“எனக்கு ஒரு காப்பி குடுங்க” என்றேன். “உங்க கிணத்துத் தண்ணியில.”

“மாட்டேன். விருந்தாளிக்குக் குடுக்க மாட்டேன்.”

“ஆறு வருஷம் சண்டை போட்டிருக்கீங்க. நான் என்ன விருந்தாளி?”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். கருப்பட்டிக் காப்பி பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வாசனையும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாய் குடித்தேன். கருப்பட்டி இனிப்புக்கு அடியில் கடல் இருந்தது. நாக்கின் இரண்டு ஓரமும் சுருண்டுகொண்டன. பரிதியிடம் டம்ளரை நீட்டினேன். குடித்துவிட்டுப் பட்டையைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், மறுபடி பட்டையைப் பார்த்தான்.

எனக்கு விளங்கிவிட்டது. பட்டையைப் பார்க்க என் கண்ணுக்கும் அந்த இயந்திரம்தான் பதினாலு வருஷம் பாடம் எடுத்திருந்தது. முதல் மாணவியே நான்தான். நல்லவேளை, நாக்குக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

திரும்பி வரும்போது கார் தானாக ஓடியது. பரிதி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“லேப்ல டெஸ்ட் பண்ணச் சொல்லலாம் மேடம். நம்ம பேர் வராமலே.”

“ஊர்க்கண் இருக்கற ஊருக்கு லேப் டெஸ்ட் வேண்டாம்னு ஏழு வருஷம் முன்னாடி விதி போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? யார் சிபாரிசுல?”

சிபாரிசு செய்தவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு ரெண்டு பசங்க மேடம்” என்றான். “உங்களுக்கு மூணு மாசத்துல ரிட்டயர்மெண்ட். நம்ம ஆராய்ச்சிப் பேப்பரைத் திரும்ப வாங்கினா உங்களுக்கு ஒரு அவமானம். எனக்கு டிகிரியே போயிடும்.”

“தெரியும்.”

“தெரியும்னா?”

“தெரியும்ப்பா. வேற என்ன சொல்ல? தெரியும்.”

புதன்கிழமை கடிதம் எழுதினேன். சான்றில் கையெழுத்திட முடியாது, ஊர்க்கண்ணின் தரவு நம்பத் தகுந்ததில்லை, தவறு தன்னார்வலர்களுடையதில்லை, எங்கள் வடிவமைப்பினுடையது. நாலே வரி. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சுருக்கமான ஆய்வறிக்கை. தட்டச்சுக்குக் கொடுக்கும்போது பரிதி வாசலில் வந்து நின்றான்.

“உங்க பேருக்குக் கீழ கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

குடிநீர்த் துறையின் பொறியாளர் சிவசுப்பு அன்றைக்குச் சாயங்காலமே போன் செய்தார். நல்ல மனிதர், ஆனால் எரிச்சலில் இருந்தார். “பதினாலு வருஷ டேட்டா தப்புன்னு எழுதித் தர்ற முதல் ஆள் நீங்கதான் மேடம். லாரி வேற ஊருக்கு ஒதுக்கியாச்சு. உங்க செயலி இன்னைக்கும் மூணுன்னுதான் காட்டுது. நீங்க இல்லங்கறீங்க. நான் எதை நம்ப?”

“நேர்ல வாங்க சார். களப்பார்வையில தண்ணி சந்தேகம்னு நீங்க ஒரு வரி எழுதினாப் போதும். லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் லாரி ஓடும், இல்லையா?”

அந்த ‘இல்லையா’ எனக்கே கேட்டது. இனிமேல் அதைச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை, பொறியாளர் வருவதற்கு முன்பே கோயில் பக்கத்துக் கொட்டகையில் பெண்களிடம் பேசினேன். வருகிறவருக்குக் கிணற்றுத் தண்ணீரில் காப்பி கொடுக்க வேண்டும் என்றதும் கொட்டகையே கொந்தளித்துவிட்டது.

“ஐயோ, மானக்கேடு!” என்றாள் அல்போன்சா. “ஊருக்கு வந்த ஆபீசருக்கு உப்புக் காப்பியா? நாளப்பின்ன எவன் மேடம் இந்த ஊருக்கு வருவான்? வேணும்னா வாயால சொல்லுவோம், தண்ணி உப்புன்னு.”

“வாயால நான் ஆறு வருசம் சொன்னேன்” என்றாள் மிக்கேலம்மாள். “என்ன கிழிச்சிது?”

“நீ சொன்ன விதம் அப்படி. எடுத்தெறிஞ்சு பேசுனா யாரு கேப்பா?”

“சரி, நீ மரியாதையாத்தான் பேசுன. உனக்குக் கேடயம் கிடைச்சிது. தண்ணி கிடைச்சிதா?”

அல்போன்சா என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. “நான் தப்பா அமுக்கிட்டேனா மேடம்? நீங்க மறுபடி பாருங்கன்னு சொன்னதுனாலதான்…”

“தப்பு என்னோடதும்மா” என்றேன். இதை அவள் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்டும் அவள் அழுகை நிற்கவில்லை.

பத்து மணிக்குச் சிவசுப்பு வந்தார். நாற்காலி போட்டார்கள், துண்டால் துடைத்தார்கள். கிணற்றைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். “எனக்கு மூணா நாலான்னு தெரியல” என்றார் நேர்மையாக. நாற்பது பெண்கள் சுற்றி நின்றார்கள். அல்போன்சா முந்தானையைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். மிக்கேலம்மாள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். தொண்டைக்குள் இறங்குமுன் அது கொஞ்சம் தயங்கியதை நான் பார்த்தேன். புருவம் ஒருதரம் மேலேறி இறங்கியது. பிறகு நிமிர்ந்து, சுற்றி நின்ற நாற்பது முகங்களையும், காப்பி போட்டுக் கொடுத்தவள் முகத்தையும் பார்த்தார். சிரித்தார்.

“நல்லாருக்கும்மா” என்றார்.

அவரைத் திட்டவும் முடியாது. ஒரு வீட்டில் கையில் கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டு வேறென்ன சொல்வார் மனிதர்? அவர் அம்மா அவரை அப்படித்தான் வளர்த்திருப்பாள். அல்போன்சா மூன்றை அமுக்கியதும், இவர் நல்லாயிருக்கு என்றதும், தன்னார்வலர் மனம் புண்படக் கூடாது என்று நான் மறைத்ததும் எல்லாம் ஒரே மரியாதைதான். அந்த மரியாதையில் ஒரு ஊரே தாகத்தில் சாகும். நான் வாயைத் திறப்பதற்குள் மிக்கேலம்மாள் அவர் முன்னால் ஒரு எட்டு வைத்தாள்.

“சார்” என்றாள். குரல் அப்படியே குழைந்துவிட்டது. என் இழுப்பு, என் கெஞ்சல், என் நயம். ஆறு வருஷம் காதில் கேட்டதாயிற்றே. “அவசரமில்ல சார். மறுபடி ஒருமுறை பாருங்களேன்.”

கொட்டகையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிவசுப்பு டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டாவது முறை குடித்தார், இந்தத் தடவை மெதுவாக, வாயில் வைத்துக்கொண்டு. டம்ளரைக் கீழே வைத்தார்.

“உப்புக் கரிக்குதும்மா” என்றார். “இதையா குடிக்கிறீங்க?”

அல்போன்சாதான் முதலில் ஆமாம் என்று தலையாட்டினாள். அப்புறம் ஒவ்வொருவராக நாற்பது பேரும் ஆட்டினார்கள். ஊர்க்கண்ணில் ஒரு நாளும் பதிவாகாத அளவு அது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மடியில் வைத்தே எழுதினார்: நேரில் சுவைத்ததில் நீர் உவர்ப்பு, ஆய்வக முடிவு வரும்வரை லாரியை நிறுத்த வேண்டாம்.

மிக்கேலம்மாள் அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு கொட்டகையின் பின்பக்கம் போய் இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். ஒன்றில் ஏலக்காய் மணக்கும் பால் டீ, கேன் தண்ணீரில் போட்டது. முதலிலேயே போட்டு மூடிவைத்திருக்கிறாள். அதைப் பொறியாளரிடம் கொடுத்து, “மன்னிச்சிருங்க சார், இப்பம் குடிங்க” என்றாள்.

இன்னொன்றை என் பக்கம் நீட்டினாள். எட்டிப் பார்த்தேன். கட்டங்காப்பி.

“விருந்தாளி இல்லன்னு நீங்கதான சொன்னிய?” என்றாள்.

வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.